அணி முழுக்க 'நான்': மேற்பரப்பு அலைக் கருவிகளின் எல்லை உறுப்புக் கணக்கில் சிங்குலாரிட்டிகளைக் கையாளும் முறை

எல்லை உறுப்பு முறையில் (பொருளின் உள்ளே அல்லாமல் அதன் எல்லையில் மட்டும் கட்டம் போட்டுக் கணக்கிடும் முறை) முதல் நிரலை எழுதி ஓட்டிய எவருக்கும் இந்தக் காட்சி பழக்கமானது. அணியின் மூலைவிட்டம் முழுக்கக் கணினி "நான், நான், நான்" என்று அச்சிட்டு வைத்திருக்கும். 'இது எண்ணே இல்லை' என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம் அது. தமிழ்க் கண்ணோடு படித்தால் அகங்காரம் பிடித்த அணி போலத் தெரியும்.

புதியவர் உடனே செய்யும் காரியம் ஒன்று உண்டு. பூச்சியத்தால் வகுபடாமல் இருக்க எங்காவது ஒரு குட்டி எண்ணைச் சேர்த்துவிடுவார். நானும் சேர்த்தேன். நிரல் ஓடியது, வரைபடம் வந்தது, அழகாகவும் இருந்தது. அது எவ்வளவு தவறு என்று தெரிய எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அந்தக் கதை கீழே வரும்.

சிங்குலாரிட்டி என்றால் ஒரு சார்பு முடிவிலிக்கு ஓடும் இடம், அல்லது திடீரென்று முறியும் இடம். 'ஒருமைப்புள்ளி' என்று எழுதுபவர்களும் உண்டு. பேச்சில் எல்லோரும் சொல்வதையே நானும் வைத்துக்கொள்கிறேன். சமன்பாடுகளைச் சொற்களில் சொல்லியிருக்கிறேன். தாளும் பேனாவும் எடுத்து நீங்களே குறியீட்டில் எழுதிப் பாருங்கள், பாதிப் புரிதல் அங்கேயே வந்துவிடும்.

கருவி எது, தெரியாதது எது

பீசோ படிகத்தின் (அழுத்தினால் மின்னழுத்தம் தரும், மின்னழுத்தம் கொடுத்தால் நெளியும் படிகம்) மேல் உலோக விரல்களைப் பதித்து, அவற்றுக்கு மாறுமின்னழுத்தம் கொடுத்தால் படிகத்தின் மேற்பரப்பை ஒட்டி ஓர் ஒலியலை ஓடும். அலையை ராலே பிரபு 1885-இல் கணக்கில் கண்டார். விரல் மின்வாய்களால் அதைக் கிளப்பலாம் என்று 1965-இல் காட்டியவர்கள் ஒயிட்டும் வோல்ட்மரும். இன்று கைபேசிகளின் ரேடியோப் பகுதியில் இந்த வகை வடிகட்டிகள் நிறைய இருக்கின்றன. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'சா கருவி' என்பார்கள். எழுத்தில் அது வசவு போல இருப்பதால் மேற்பரப்பு அலை என்றே எழுதுகிறேன்.

நம் எடுத்துக்காட்டு: 128 பாகை வெட்டு லித்தியம் நியோபேட், அலை எக்ஸ் அச்சின் வழியே. விரல் அகலம் 1 மைக்ரோமீட்டர், இடைவெளி 1 மைக்ரோமீட்டர், ஒன்று விட்டு ஒன்று நேர், எதிர் இணைப்பு. ஆக அலைநீளம் 4 மைக்ரோமீட்டர். இந்த வெட்டில் அலையின் வேகம் வினாடிக்குச் சுமார் 3980 மீட்டர் என்பதால் அதிர்வெண் ஏறக்குறைய 1 கிகாஹெர்ட்ஸ். விரல்களுக்குத் தடிமனும் எடையும் இல்லை, நீளம் மிக அதிகம் என்று முதலில் வைத்துக்கொள்வோம். இப்போது இது இரு பரிமாணக் கணக்கு.

தெரிந்தது, ஒவ்வொரு விரலின் மின்னழுத்தம். தெரியாதது, விரலின் அகலத்தில் மின்னூட்டம் எப்படிப் பரவியிருக்கிறது என்பது. இரண்டையும் இணைப்பது கிரீன் சார்பு: ஓரிடத்தில் ஓரலகு மின்னூட்டக் கோடு வைத்தால் சற்றுத் தள்ளி எவ்வளவு மின்னழுத்தம் தோன்றும் என்பதற்கான விடை. படிகத்தின் ஆழம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுவதால் நாம் கட்டம் போட வேண்டியது விரல்களின் மேல் மட்டும். அந்தச் சலுகைக்குக் கொடுக்கும் விலைதான் சிங்குலாரிட்டிகள்.

அலை எண் (2 × பை ÷ அலைநீளம்) வெளியில் கிரீன் சார்பு எளிமையாக இருக்கும்: 1 ÷ (அலை எண்ணின் மட்டு × பயனுறு விடுதிறன்). 'பயனுறு விடுதிறன்' என்ற கருத்தை 1969-இல் முன்வைத்தவர் இங்கெபிரிக்ட்சன். மீள்மை மாறிலிகள், பீசோ மாறிலிகள், அடர்த்தி எல்லாம் அந்த ஒரே சார்புக்குள் ஒளிந்திருக்கின்றன. இன்னொரு நன்மை: அது அலை எண்ணையும் அதிர்வெண்ணையும் தனித்தனியே சார்ந்ததில்லை. அலை எண்ணை அதிர்வெண்ணால் வகுத்து வரும் 'மெதுமை' ஒன்றையே சார்ந்தது. ஒருமுறை அட்டவணை போட்டுவிட்டால் எல்லா அதிர்வெண்ணுக்கும் அதே அட்டவணைதான். ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் திரும்பத் திரும்பக் கணக்கிடும் நிரல்களை இன்னும் பார்க்கிறேன். பாவம், அந்தக் கணினிகள்.

முதல் படி: விடுதிறன் அட்டவணையை நம்பும்படி ஆக்குங்கள்

ஒரு மெதுமையைக் கொடுத்தால் படிகத்துக்குள் எட்டு பகுதி அலைகள் கிடைக்கும். அவற்றில் கீழ்நோக்கிப் போகும் நான்கை மட்டும் எடுக்க வேண்டும். ஆழம் போகப் போகத் தேயும் அலைகளில் குழப்பம் இல்லை. தேயாமல் படிகத்தின் உள்ளே பாயும் அலைகளில்தான் (உள்ளலை என்போம்) சறுக்குவோம். ஓர் உள்ளலையின் முகடுகள் கீழே நகர்வதாகத் தோன்றும், ஆனால் ஆற்றல் மேல்நோக்கிப் போகும். திசைக்குத் திசை பண்பு மாறும் படிகங்களில் இது சாதாரணம். எனவே ஆற்றல் பாயும் திசையைப் பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். சுருக்கு வழியும் உண்டு: அதிர்வெண்ணுக்கு மிகச் சிறிய கற்பனைப் பகுதி கொடுத்தால் எட்டும் தேயும் அல்லது வளரும் அலைகளாகப் பிரிந்துவிடும். தேர்வு செய்ய மட்டும் இதைப் பயன்படுத்திவிட்டு, மதிப்புகளை இழப்பில்லாமல் கணக்கிடுங்கள்.

தேர்வு தவறினால் அட்டவணையில் படிக்கட்டு போன்ற தாவல்கள் தெரியும். அவற்றை உண்மையான சிங்குலாரிட்டி என்று நினைத்துப் பின்னால் மெனக்கெடுபவர்கள் உண்டு. எனவே இங்கேயே இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள். எல்லா உள்ளலைகளையும் விட மெதுவான பகுதியில் பயனுறு விடுதிறன் முழுக்க மெய்யெண்ணாக இருக்க வேண்டும். அங்கே ஆற்றல் கீழே கசிய வழியில்லை. மெதுமையைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் அது ஒரு மாறிலியில் போய் நிற்க வேண்டும். லித்தியம் நியோபேட்டில் அந்த எல்லை மதிப்பு (இனி 'எல்லை விடுதிறன்') வெற்றிட விடுதிறனைப் போல ஏறக்குறைய 50 மடங்கு. நூலில் அச்சான எண்ணை இங்கே போடாதீர்கள். உங்கள் நிரலே தரும் எல்லை மதிப்பைத்தான் அடுத்த படியில் பயன்படுத்த வேண்டும். மூன்றாவது இலக்கத்தில் வேறுபட்டாலும் கழித்தல் முழுமையாக நடக்காது.

இரண்டாம் படி: மடக்கையைத் தனியே எடுங்கள்

மூலைவிட்டத்தில் 'நான்' வருவதற்குக் காரணம் இதுதான். மின்னூட்டத்துக்கு மிக அருகில் போனால் ஒலியலைக்கு அங்கே வேலை இல்லை; வெறும் நிலைமின்னியல்தான். கோடு போன்ற மின்னூட்டத்தைச் சுற்றி மின்னழுத்தம் தூரத்தின் மடக்கையாக மாறும் என்பது கல்லூரியில் படித்தது. இங்கும் அதேதான்: கிரீன் சார்பின் நிலைமின் பகுதி = −(தூரத்தின் இயல் மடக்கை) ÷ (பை × எல்லை விடுதிறன்). அலை எண் வெளியில் பார்த்தால் இது 1 ÷ (அலை எண் × எல்லை விடுதிறன்) என்ற வால்.

அந்த வாலை முழுக் கிரீன் சார்பிலிருந்து கழித்துவிடுங்கள். எஞ்சியது அலை எண்ணின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் விழும். கழிப்பதற்கு முன் முதல் அடுக்கில் விழுந்தது. வித்தியாசத்தை வரைபடத்தில் பார்த்தால் நம்பவே முடியாது. தொகையீட்டை எங்கே நிறுத்துவது என்ற தலைவலி போய்விடும். கழித்த மடக்கையைக் கையால் தொகையிட்டுப் பிறகு சேர்த்துக்கொள்கிறோம். எப்படி என்பது அடுத்த படியில்.

மூன்றாம் படி: விரலின் ஓரம்

மெல்லிய உலோகப் பட்டையில் மின்னூட்டம் ஓரங்களில் போய்க் குவியும். ஓரத்திலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் ஏறும். விரலைப் பத்துத் துண்டாக வெட்டி ஒவ்வொன்றிலும் சீரான மின்னூட்டம் என்று வைத்தால் இந்த ஏற்றத்தைப் பிடிக்கவே முடியாது. துண்டுகளை இரட்டிப்பாக்கினால் மின்தேக்குத்திறனின் பிழை ஏறக்குறைய பாதிதான் ஆகும். ஐந்து இலக்கத் துல்லியம் வேண்டுமென்றால் ஆயுள் போதாது.

மாற்று வழி: ஓரத்தில் என்ன நடக்கும் என்று நமக்கே தெரியும்போது அதைக் கணினி கண்டுபிடிக்கும் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? விரலின் நடுப்புள்ளியைப் பூச்சியமாகவும் ஓரங்களை −1, +1 ஆகவும் வைத்து ஓர் ஆயத்தை எடுங்கள். மின்னூட்டத்தைச் செபிஷேவ் பல்லுறுப்புக்கோவைகளின் கூட்டலாக எழுதி, எல்லாவற்றையும் √(1 − ஆயத்தின் வர்க்கம்) என்பதால் வகுத்துவிடுங்கள். ஓரத்துச் சிங்குலாரிட்டி வகுக்கும் வர்க்கமூலத்தில் அடங்கிவிட்டது. பல்லுறுப்புக்கோவை மென்மையான மீதியை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். பாதி உலோகம், பாதி இடைவெளி உள்ள நம் கருவியில், முதன்மை அதிர்வெண் அருகே விரலுக்கு 4 அல்லது 5 உறுப்புகள் போதும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். மடக்கையை இந்தச் செபிஷேவ் வடிவத்தோடு தொகையிட்டால் திரும்ப அதே செபிஷேவ் பல்லுறுப்புக்கோவையே வருகிறது. −மடக்கையோடு வரிசை எண் 1 அல்லது அதற்கு மேற்பட்ட உறுப்பைத் தொகையிட்டால் கிடைப்பது (பை ÷ வரிசை எண்) × அதே கோவை. பூச்சியமாவது உறுப்புக்குப் பை × (2-இன் மடக்கை). இன்னொரு முறை அதே எடையோடு பெருக்கித் தொகையிட்டால், ஒரு விரல் தன்மேல் தானே செலுத்தும் பகுதி வெறும் மூலைவிட்ட அணி: பூச்சிய உறுப்புக்குப் பையின் வர்க்கம் × 2-இன் மடக்கை, மற்றவற்றுக்குப் பையின் வர்க்கம் ÷ (2 × வரிசை எண்). 'நான்' என்று அச்சான இடத்தில் இப்போது தாளில் எழுதக்கூடிய எண். எண்வழித் தொகையீடே தேவையில்லை.

இங்கே இரண்டு குழிகள். ஒன்று, ஆயத்தை −1 முதல் +1 வரை சுருக்கும்போது அரை அகலத்தின் மடக்கை ஒன்று தனியாக வெளியே வரும். பூச்சிய உறுப்பில் அதைச் சேர்க்க மறந்தால் வெவ்வேறு அகலமுள்ள விரல்கள் கொண்ட கருவியில் விடை தப்பும். எல்லா விரலும் ஒரே அகலமென்றால் பல சோதனைகளில் பிழை வெளியே தெரியாமலே தப்பித்துக்கொள்ளும். இரண்டு, அந்தப் பூச்சிய உறுப்பு உண்மையில் 2 ÷ அரை அகலம் என்பதன் மடக்கை. நீங்கள் எடுத்த நீள அலகில் அரை அகலம் சரியாக 2 என்று வந்துவிட்டால் அது பூச்சியம்! ஒற்றை விரலுக்கான அணி தலைகீழாக்க முடியாததாகிவிடும். படிகத்தில் எந்தக் கோளாறும் இல்லை, அலகைத் தேர்ந்ததில்தான். இதற்கான மருந்து கீழே 'பூச்சிய அலை எண்' பகுதியில் இருக்கிறது.

அடுத்தடுத்த விரல்களுக்கு இடையே மடக்கை மென்மையானதுதான். அங்கே கௌஸ்–செபிஷேவ் தொகையீட்டைப் பயன்படுத்துங்கள்: புள்ளிகள் கோசைன் வரிசையில், எடைகள் எல்லாம் சமம். வர்க்கமூல வகுத்தியை அது தானே விழுங்கிக்கொள்ளும். இடைவெளி மிகக் குறுகலாக இருந்தால் மட்டும் புள்ளிகளைக் கூட்டுங்கள்.

அலைகளைத் தொடுமுன் ஒரு சோதனை. நிலைமின் பகுதியை மட்டும் வைத்து 20 ஜோடி விரல்களுக்குக் கணக்கிட்டு, நடுவில் உள்ள ஒரு ஜோடியின் மின்தேக்குத்திறனைப் பாருங்கள். விரலும் இடைவெளியும் சம அகலமாக இருக்கும்போது, விரல் நீளத்தின் ஓரலகுக்கு அது எல்லை விடுதிறனுக்குச் சமமாக வர வேண்டும். முடிவில்லாத வரிசைக்கு இது தோராயம் அல்ல, கணிதப்படியான விடை. விடுதிறன் 50 மடங்கு என்றால் மீட்டருக்குச் சுமார் 440 பிக்கோஃபாரட். அடுத்து, இரண்டு விரல் நேர், இரண்டு விரல் எதிர் என்று இணைத்துப் பாருங்கள். இப்போது ஓர் அலைநீளத்தில் நான்கு விரல்கள். ஒரு முழுச் சுற்றுக்கு √2 மடங்கு, அதாவது 1.414 வர வேண்டும். இந்த இரண்டு எண்களும் வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். இதைச் சொல்லியும் போகிறவர்கள்தான் அதிகம்.

நான்காம் படி: துருவம்தான் அலை

பயனுறு விடுதிறன் ஒரு மெதுமையில் பூச்சியமாகும். அங்கே மின்னூட்டமே இல்லாமல் மின்னழுத்தம் இருக்க முடியும் என்று பொருள். அதுதான் வெறும் மேற்பரப்பில் தானாக ஓடும் அலை. கிரீன் சார்பில் அது வகுத்தியில் இருப்பதால் துருவமாகி முடிவிலிக்குப் போகிறது. தொகையீட்டுப் பாதையின் மேலேயே உட்கார்ந்திருக்கும் இந்தத் துருவத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நாம் தேடி வந்த அலையே அதுதான், அதை மழுக்கினால் எப்படி?

என் கதைக்கு வருகிறேன். நான் செய்தது, அதிர்வெண்ணில் ஆயிரத்தில் ஒரு பங்கு கற்பனைப் பகுதியைச் சேர்த்து 'இழப்பு' என்று பெயர் வைத்தது. துருவம் அச்சிலிருந்து விலகியது, தொகையீடு நடந்தது, கண்டக்டன்ஸ் (கருவி உள்வாங்கும் ஆற்றலைக் காட்டும் அளவு) வரைபடத்தில் அழகான உருண்டை முகடு வந்தது. மூத்தவர் ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு, "அந்த இழப்பைப் பாதியாக்கிப் பாரு" என்றார். முகடு உயர்ந்து ஒடுங்கிவிட்டது. இன்னும் பாதியாக்கினால் இன்னும் ஒடுங்கியது. ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் சின்னதாகத்தான் தோன்றும். ஆனால் 100 அலைநீளம் ஓடுவதற்குள் அலையின் வீச்சு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். கருவியே 100 அலைநீளம் இருந்தது. இரண்டு மாதமாக நான் அளந்துகொண்டிருந்தது என் குட்டி எண்ணைத்தான்.

சரியான முறை இது. துருவத்தின் இடத்தை நியூட்டன் முறையாலோ வெட்டுக்கோட்டு முறையாலோ துல்லியமாகக் கண்டுபிடியுங்கள். எவ்வளவு துல்லியம்? 200 அலைநீள நீளக் கருவியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிழை இருந்தால் கட்டக் கோணம் 7.2 பாகை தப்பும். பத்து லட்சத்தில் ஒன்று என்றால் 0.07 பாகைதான். நான் எட்டு இலக்கம் வரை போவேன், செலவு ஒன்றும் இல்லை.

அடுத்து எச்சம், அதாவது துருவத்தின் வலிமையைச் சொல்லும் கெழு. துருவத்தில் பயனுறு விடுதிறனின் வகைக்கெழுவை எடுத்து, 1 ÷ (அலை எண் × வகைக்கெழு) என்று கணக்கிடுங்கள். சரிபார்க்க ஓர் எளிய வழி: மேற்பரப்பை முழுக்க உலோகத்தால் மூடினால் வேகம் குறையும். அந்தக் குறைவின் விகிதத்தை எல்லை விடுதிறனால் வகுத்தால் எச்சத்தின் அளவு ஏறக்குறைய வர வேண்டும். 128 பாகை வெட்டில் அந்தக் குறைவு சுமார் 2.7 சதவீதம். சில சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் நல்லது. பாதியாகவோ இரட்டிப்பாகவோ வந்தால் எங்கோ ஒரு 2 தொலைந்திருக்கிறது.

இப்போது துருவப் பகுதியைக் கழித்து, அதன் இடவெளி வடிவத்தைக் கையால் சேர்க்கலாம்: இருபுறமும் விலகி ஓடும், தேயாத அலை. ஆனால் அவசரப்படாதீர்கள். துருவத்தை 1 ÷ (அலை எண் வர்க்கம் − துருவ வர்க்கம்) என்ற வடிவில் கழித்தால், அது அலை எண்ணின் இரண்டாம் அடுக்கில்தான் விழும். இரண்டாம் படியில் பாடுபட்டு மூன்றாம் அடுக்குக்குக் கொண்டுவந்த மீதி திரும்ப இரண்டாம் அடுக்குக்கு வந்துவிடும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கியது போல. எனவே துருவ உறுப்பிலிருந்து 1 ÷ (அலை எண் வர்க்கம் + ஒரு நேர் எண்ணின் வர்க்கம்) என்பதையும் கழித்து ஒரே பொட்டலமாக்குங்கள். இப்போது பொட்டலம் நான்காம் அடுக்கில் விழும். இடவெளியில் இந்தப் புது உறுப்பு தூரத்தோடு அடுக்குக்குறியாய்த் தேயும் எளிய சார்பு, அதையும் கையால் எழுதலாம். தூரம் பூச்சியத்தில் அலைக்கு இருந்த கூர்முனையை அது சரியாக மழுக்கிவிடுகிறது. அந்த நேர் எண்ணுக்குத் துருவத்தின் மதிப்பையே வைத்துக்கொள்ளலாம்.

துருவத்தின் எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்ற கேள்வி மிச்சம். காலம் எந்தக் குறியோடு அடுக்கில் வருகிறது என்பதைப் பொறுத்தது அது. மனப்பாடம் செய்யாதீர்கள். மனத்துக்குள் துளி இழப்பைச் சேர்த்து, வலப்புறம் ஓடும் அலை வலப்புறம் தேய்கிறதா என்று மட்டும் பாருங்கள். வளர்ந்தால் தவறான பக்கம்.

ஐந்தாம் படி: கிளைப்புள்ளிகள்

உள்ளலை ஒன்று மேற்பரப்பை ஒட்டிச் சறுக்கத் தொடங்கும் மெதுமையில் பயனுறு விடுதிறன் வர்க்கமூலம் போல மடங்கும். முடிவிலிக்குப் போகாது, ஆனால் சாய்வு முடிவிலியாகும். ஒரு நெட்டலையும் இரண்டு குறுக்கலைகளும் இருப்பதால் பொதுவாக மூன்று இடங்கள். நம் படிகத்தில் மெதுவான குறுக்கலையின் கிளைப்புள்ளிக்கும் மேற்பரப்பு அலைத் துருவத்துக்கும் சில சதவீத இடைவெளிதான். சீரான கட்டத்தில் தொகையிட்டால் இரண்டும் ஒன்றையொன்று மிதிக்கும். துருவத்தை முதலில் கழித்துவிடச் சொன்னது இதனால்தான்.

கிளைப்புள்ளியைக் கழிக்க வேண்டியதில்லை. தொகையீட்டை அந்த மூன்று இடங்களிலும் துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் முனையிலிருந்து உள்ள தூரத்தை ஒரு புது மாறியின் வர்க்கமாக எழுதுங்கள். வர்க்கமூலம் நேர்கோடாகிவிடும், சாதாரண கௌஸ் தொகையீடு சில பத்துப் புள்ளிகளில் வேலையை முடித்துவிடும். கிளைப்புள்ளியின் இடம் அட்டவணையில் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். அதைப் பகுதி அலைகளின் சமன்பாட்டில் இரு மூலங்கள் ஒன்றாகச் சேரும் இடமாகத் தேடிப் பிடியுங்கள். நூலில் இருக்கும் உள்ளலை வேகத்தை அப்படியே போட்டால், திசைக்குத் திசை பண்பு மாறும் படிகத்தில் சற்றுத் தள்ளி விழும்.

மேற்பரப்பு அலையை விட்டுக் கசிவு அலைக்குப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கைபேசி வடிகட்டிகளில் அதிகம் புழங்கும் 42 பாகை வெட்டு லித்தியம் டான்டலேட்டில், ஓடிக்கொண்டே ஆற்றலைக் கீழே கசியவிடும் அலைதான் முக்கியம். அதன் துருவம் மெய் அச்சில் இல்லை. கிளைப்புள்ளியை ஒட்டி ஒரு கூரான, ஆனால் முடிவுள்ள முகடாக மட்டும் தலைகாட்டும். அதை நான்காம் படி மாதிரி மெய்த் துருவம் என்று கழித்தால் விடை கெட்டுவிடும். அங்கே துண்டுகளைச் சிறிதாக்கி நேராகத் தொகையிடுவதே நல்லது.

பூச்சிய அலை எண்

அலை எண் பூச்சியத்தை நெருங்கும்போது கிரீன் சார்பு 1 ÷ அலை எண் என்று ஏறும். நாம் கழித்த நிலைமின் வாலும் ஏறும், ஆனால் வேறு கெழுவோடு, ஏனென்றால் பூச்சிய மெதுமையில் பயனுறு விடுதிறன் வேறு மதிப்பு. ஆக மீதியிலும் முடிவிலி ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதற்குப் பின்னால் இருப்பது எளிய இயற்பியல். இரு பரிமாணத்தில் தனி மின்னூட்டத்தின் மின்னழுத்தம் தொலைவில் பூச்சியமாவதில்லை, மடக்கையாக ஓடிக்கொண்டே இருக்கும். கருவி முழுவதன் மொத்த மின்னூட்டம் பூச்சியமாக இருந்தால்தான் கணக்குக்கே அர்த்தம். எனவே இரண்டு மாற்றங்கள். சிறிய அலை எண் பகுதியில் கோசைனுக்குப் பதிலாகக் கோசைன் − 1 என்று தொகையிடுங்கள். இதனால் கிரீன் சார்பு ஒரு மாறிலியால் மட்டும் மாறும், மொத்த மின்னூட்டம் பூச்சியமென்றால் அந்த மாறிலியை யாரும் உணர மாட்டார்கள். அப்புறம், அணியில் ஒரு கிடைவரிசையையும் ஒரு நெடுவரிசையையும் கூட்டுங்கள்: கிடைவரிசை 'மொத்த மின்னூட்டம் பூச்சியம்' என்று சொல்லும், நெடுவரிசை எல்லா விரலுக்கும் பொதுவான தெரியாத மின்னழுத்தம் ஒன்றைச் சேர்க்கும். மேலே சொன்ன, அரை அகலம் 2 ஆகும் நோயும் இதிலேயே குணமாகிவிடும். எதனுடனும் இணைக்காத மிதக்கும் விரலுக்கும் இதே உத்திதான், அந்த விரலுக்கு மட்டும் தனியாக.

எல்லாம் சேர்ந்தபின்

நிலைமின் பகுதி, மேற்பரப்பு அலை, உள்ளலை என்று கிரீன் சார்பை மூன்றாகப் பிரித்து விரல் மின்வாய்களை ஆராய்வது மில்சம், ரெய்லி, ரெட்வுட் மூவரும் 1977-இல் வெளியிட்ட கட்டுரையின் வழி. நாம் செய்ததும் அடிப்படையில் அதுவே. இந்தப் பிரிவால் நல்ல சோதனை ஒன்று கிடைக்கிறது. இழப்பில்லாத கருவியில், மின்வாயில் உள்ளே போகும் ஆற்றல் முழுவதும் மேற்பரப்பு அலையாகவோ உள்ளலையாகவோ வெளியேற வேண்டும். துருவ உறுப்பிலிருந்து மேற்பரப்பு அலையின் ஆற்றலைத் தனியே கணக்கிட்டு, மொத்தக் கண்டக்டன்ஸிலிருந்து கழியுங்கள். மிச்சம் உள்ளலையின் பங்கு, அது எந்த அதிர்வெண்ணிலும் எதிர்க்குறியாகக் கூடாது. எதிர்க்குறி வந்தால் முதலில் நான்காம் படியின் எச்சத்தையும், அடுத்து முதல் படியின் பகுதி அலைத் தேர்வையும் சந்தேகப்படுங்கள். அணி சமச்சீராக இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், ஒரு நொடி வேலை.

முடிவில்லாமல் நீளும் சீரான விரல் வரிசைக்கு, தொகையீட்டுக்குப் பதிலாக அலை எண்களின் கூட்டுத்தொடர் வரும். மற்றதெல்லாம் இதே கதை, ஒன்றைத் தவிர. தொடரில் ஓர் உறுப்பு வெறும் மேற்பரப்பின் துருவத்தில் போய் விழும்போது அணியின் எல்லா இடமும் வெடிக்கும். ஆனால் விரல்கள் பதித்த கருவியில் அந்த அதிர்வெண்ணில் விசேஷமாக எதுவும் நடப்பதில்லை. வெடிக்கும் அந்த ஓர் உறுப்பைத் தனியே வைத்து, மீதி அணியைத் தலைகீழாக்கியபின் ஒற்றைத் தரத் திருத்தமாகச் சேர்த்தால் முடிவிலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். கருவியின் உண்மையான ஒத்ததிர்வு அதற்குச் சற்றுத் தள்ளி, அணியின் அணிக்கோவை பூச்சியமாகும் இடத்தில் இருக்கும்.

விரலுக்குத் தடிமன் கொடுக்கும்போது உலோகத்துக்கு மட்டும் வரம்புறு உறுப்பு முறையும் (உள்ளே முழுக்கக் கட்டம் போடும் முறை), படிகத்துக்கு எல்லை உறுப்பு முறையும் வைப்பது வழக்கம். அங்கே மின்னூட்டத்தோடு விரலின் அடியில் உள்ள தகைவும் தெரியாததாகிறது. ஓர் அணி நான்கு அணியாகும். "தடிமன் வந்தபின் வர்க்கமூல விதி உடைந்துவிடாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெற்றிடத்தில் நிற்கும் உலோகத்தின் செங்கோண முனையில் மின்புலம் தூரத்தின் மூன்றில் ஒன்றாம் அடுக்கில்தான் ஏறும், வர்க்கமூலத்தை விட மென்மையாக. ஆனால் நமக்கு முக்கியமானது உலோகத்தின் அடிமுனை படிகத்தைத் தொடும் இடம். படிகத்தின் விடுதிறன் வெற்றிடத்தைப் போல 50 மடங்கு இருப்பதால், சுவரை ஒட்டிய வெற்றிடத்தின் குரல் அங்கே எடுபடுவதில்லை. ஏற்றம் பாதி அடுக்குக்கு மிக அருகிலேயே இருக்கும். எனவே லித்தியம் நியோபேட்டில் தடித்த விரலுக்கும் அதே செபிஷேவ் எடையை மாற்றாமல் பயன்படுத்தலாம். விடுதிறன் குறைந்த குவார்ட்ஸில் அடுக்கு சற்று விலகும். அங்கே உறுப்புகளின் எண்ணிக்கையை இரண்டு கூட்டி, விடை அசைகிறதா என்று பாருங்கள்.